மைல்கற் படலம்

ஜெர்மன் காரின் வரலாற்றுக்கு இலக்கணம் வகுக்கக் காஞ்சிபுரத்துக்கு என்ன தகுதி என்று கேட்பவர் உண்டு. வாகனங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இதைவிடத் தகுதியான ஊர் ஒன்று இருந்தால் அதன் பெயரை அவர்கள் முதலில் சொல்லட்டும். வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் வரதராஜப் பெருமாள் கருடன்மேல் வருகிறார். ஏழாம் நாள் தேர். மற்ற நாட்களுக்கு அன்னம், அனுமன், சேஷன், யாளி, யானை, குதிரை. பங்குனியில் ஏகாம்பரநாதர் தம் பங்குக்கு இடபம் முதல் இராவணன் வரை ஏறி வீதிக்கு வருவார். பத்தே நாளில் இத்தனை மாடல்களைத் தெருவில் இறக்கிக் காட்டும் ஆலை வேறெங்கும் இல்லை. "போன வருஷத்து மெருகு இல்லை", "வடக்கு மாட வீதித் திருப்பத்தில் ஸ்ரீபாதம்தாங்கிகள் கொஞ்சம் தடுமாறிவிட்டார்கள்" என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கும் கண்கள் இங்கே திண்ணைக்குத் திண்ணை உண்டு. ஆகவே தகுதி பற்றிய வினா முடிந்தது.

எடுத்துக்கொண்ட பொருள், பி.எம்.டபிள்யூ. என்னும் பவேரிய மோட்டார் ஆலையின் மைல்கற்கள். எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்நிறுவனம் 2007 மார்ச் 29 அன்று இந்தியாவில் திறந்த தொழிற்சாலை அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. இப்போது இல்லை. ஆலை நகரவும் இல்லை. அந்த வழக்கு தன் இடத்தில் வரும்.

நிறுவனங்கள் தம் மைல்கற்களைக் கால வரிசையில் அடுக்கி வெளியிடுகின்றன. கால வரிசை என்பது சோம்பேறியின் வகைப்பாடு. எது முந்தியது எது பிந்தியது என்று நாட்காட்டிக்கே தெரியும். எது எந்த இனம் என்று சொல்லத்தான் புலவன் வேண்டும். எனவே:

பிறப்பும் தடையும் இரவலும் மறைவும்
தப்பலும் கட்டலும் கைவிடற் பேறும்
கோர்வையும் என்றாங்கு எண்வகைத்து அதுவே.

அது என்றது மைல்கல்லை. நூற்பாவைச் செய்தவரும் உரை எழுதுபவரும் ஒருவரே ஆதலால் இவ்விடத்துக் கருத்து வேறுபாடு எழாது என்று நினைக்கலாம். எழும்.

முதலாவது பிறப்புக் கல். இதில் ஐயம் வரக்கூடாது. ஆனால் இதில்தான் அதிகம் வருகிறது. ராப் என்பவருடைய விமான எஞ்சின் ஆலை 1917 ஜூலையில் பி.எம்.டபிள்யூ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் நீலமும் வெள்ளையுமான வட்டச் சின்னம் பதிவாயிற்று. பெயரும் 1917, சின்னமும் 1917. அப்படியிருந்தும் நிறுவனம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது 1916 மார்ச் 7. அன்று பிறந்தது பவேரிய விமான ஆலை என்ற வேறொரு கம்பெனி. 1922-ல் காமில்லோ காஸ்டிக்லியோனி என்ற பணமுதலை எஞ்சின் தொழிலையும் ஆட்களையும் பெயரையும் விலைக்கு வாங்கி, அந்த விமான ஆலைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெயரைப் பறிகொடுத்த பழைய கம்பெனி ரயில் பிரேக் செய்யப் போய்விட்டது. சுவீகாரம் போன பிள்ளைக்குக் கோத்திரம் மாறுவதைத் தர்மசாஸ்திரம் ஒப்புக்கொள்கிறது. பிறந்த தேதி மாறுவது பவேரியாவில்தான்.

சின்னத்தைப் பற்றியும் ஒரு தலபுராணம் உண்டு. அது சுழலும் விமான விசிறி என்பார்கள். 1929 வாக்கில் வந்த ஒரு விளம்பரத்தில் விமானத்தின் விசிறிக்குள் அந்த வட்டத்தைப் பொருத்தி வரைந்திருந்தார்கள். அன்று கிளம்பிய கதை இன்றும் ஓய்ந்தபாடில்லை. உள்ளபடிக்கு அவை பவேரிய மாநிலத்தின் நிறங்கள். வட்டம் ராப் கம்பெனியின் பழைய சின்னத்திலிருந்து வந்தது. ஆனால் புராணம் ஏற்பட்டபின் கல்வெட்டை யார் வாசிக்கிறார்கள்? கோயில் ஊர்க்காரர்களாகிய நாம் இதற்காக ஜெர்மானியரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது தடைக் கல். செய்யாதே என்று ஒருவர் தடுத்ததால் நடப்பட்ட கல் என்க. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் வெர்சாய் உடன்படிக்கை வந்தபோது ஜெர்மானியர் விமான எஞ்சின் செய்யக் கூடாது என்றாயிற்று. எஞ்சின் தவிர வேறொன்றும் அறியாத கம்பெனி, சில ஆண்டு அலைந்து, 1923-ல் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்தது. இரண்டு சிலிண்டர்களும் வண்டிக்கு இருபுறமும் படுத்த வாக்கில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். பின் சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது, தண்டுதான். நூறாண்டு கழிந்தும் அந்த அமைப்பை அவர்கள் கைவிடவில்லை. ஆக, தடையால் வந்தது தடை நீங்கியும் போகவில்லை.

இரண்டாம் தடை 1945-ல். நேச நாடுகள் ஆலையின் எந்திரங்களைக் கழற்றி எடுத்துச் சென்றபின், எஞ்சிய அலுமினியத்தில் மியூனிக்கில் சட்டி பானைகள் வார்த்தார்கள். சைக்கிளும் செய்தார்கள். 1948-ல் ஆர் 24 வரும்வரை இரு சக்கர எஞ்சின் வண்டிகூடக் கிடையாது. கம்பெனியின் விழாக்களில் ஆர் 32-க்கு மாலை விழும், சட்டிக்கு விழாது. இந்நூலின் துணிபு, சட்டியே பெரிய கல். மோட்டார் சைக்கிளை அவர்கள் திறமையால் செய்தார்கள்; சட்டியை வயிற்றுக்காகச் செய்தார்கள். வயிறு இல்லாமல் போயிருந்தால் மற்ற கற்களை நட ஆள் இல்லை.

இனி இரவற் கல். பி.எம்.டபிள்யூ. என்ற பெயரில் முதலில் ஓடிய கார் எது என்று வினவுக. 1928-ல் அந்நிறுவனம் ஐசனாக் நகரத்து வாகன ஆலையை வாங்கியது. அங்கே டிக்ஸி என்ற சிறு காரைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த டிக்ஸியோ இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்று அப்படியே எழுப்பியது. 1929-ல் அதற்குப் பி.எம்.டபிள்யூ. பெயர் விழுந்தது. ஜெர்மானியப் பொறியியலின் இமயம் என்று போற்றப்படுவதன் அடிவாரத்தில் ஓர் ஆங்கிலேயக் குட்டிக் கார் நிற்கிறது.

இன்னொரு இரவல் 1955-ல். இத்தாலியில் குளிர்பதனப் பெட்டி செய்துவந்த ஈஸோ என்ற கம்பெனி ஒரு முட்டைக் காரைச் செய்திருந்தது. அதற்குப் பக்கவாட்டுக் கதவு இல்லை. முகத்தையே கதவாகத் திறந்து உள்ளே ஏற வேண்டும். ஸ்டீயரிங் அக்கதவோடு சேர்ந்து விலகி வழிவிடும். குளிர்பதனப் பெட்டிக்காரர் கார் செய்தால் கதவு முன்னால்தான் இருக்கும் என்பது இந்நூலாசிரியர் கருத்து. இசெட்டா என்ற அதைப் பி.எம்.டபிள்யூ. உரிமம் வாங்கித் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி ஏறக்குறைய 1,60,000 வண்டி விற்றது. விலையுயர்ந்த கார்கள் மூழ்கடித்த கம்பெனியைச் சில ஆண்டு மிதக்க வைத்தது இந்த முட்டைதான்.

இரவலைக் கண்டு எவரும் நகைக்க வேண்டாம். காஞ்சிபுரத்தார் கட்டாயம் நகைக்கக் கூடாது. நம் பட்டுச் சேலைக்குரிய பட்டு பெரும்பாலும் கர்நாடகத்தில் விளைகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு நூல் எங்கே விளைந்தது என்று பார்த்துத் தரப்படவில்லை. தறி எங்கே, கை யாருடையது என்று பார்த்துத் தரப்பட்டது. எனவே ஆஸ்டினையும் இசெட்டாவையும் பி.எம்.டபிள்யூ. என்று அழைப்பதில் குற்றமில்லை என்பதே இவ்வூர் நீதி. இவ்வினத்தில் திரும்பக் கொடுத்த இரவல் ஒன்றும் உண்டு. 2013-ல் செய்த ஒப்பந்தப்படி ஜி 310 என்ற 313 சி.சி. பைக்குகளை ஓசூரில் டி.வி.எஸ். செய்ய, அவை பவேரியச் சின்னத்தோடு பல நாடுகளுக்குப் போயின.

நான்காவது மறைவுக் கல். இதற்கு நூற்பா நடை பொருந்தாது. ஹிட்லர் ஆட்சியில் பி.எம்.டபிள்யூ. காரால் பிழைக்கவில்லை, விமான எஞ்சினால் கொழுத்தது. மியூனிக்கை ஒட்டிய ஆலாக் ஆலையில் டாகாவ் வதைமுகாமின் கைதிகளை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் அங்கே உழைத்தார்கள். பின்னாளில் கம்பெனியைக் காப்பாற்றிய குவான்ட் குடும்பத்தின் பேட்டரி ஆலைகளிலும் இதே கதைதான். அக்குடும்பத்தின் மௌனத்தைப் பற்றி ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் 2007-ல் வந்தது. குடும்பம் ஒரு வரலாற்றாசிரியரை அமர்த்தி ஆராயச் சொன்னது. அறிக்கை 2011-ல் வெளியாயிற்று. 2016-ல் நூற்றாண்டு விழா நாளில் நிறுவனமே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. விழா நாளில் இதைச் சொன்னார்கள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். எழுபது ஆண்டு எடுத்துக்கொண்டார்கள் என்பதையும்.

ஐந்தாவது தப்பிய கல். எட்டு வகையில் இந்நூலாசிரியருக்கு மிகப் பிடித்தது இதுவே, ஏனெனில் இந்தக் கல்லில் சக்கரமே இல்லை. கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது. 1950-களில் கம்பெனி இரண்டு கோடியில் நின்றது. ஒரு பக்கம் எட்டு சிலிண்டர் ஆடம்பரக் கார்கள். அவற்றில் 507 என்ற அழகிய வண்டி சுமார் 250 மட்டுமே செய்யப்பட்டது. எல்விஸ் பிரெஸ்லி ஒன்று வைத்திருந்தார். கம்பெனிக்கு அதனால் வந்தது பெயரும் நஷ்டமும். மறு பக்கம் மேற்படி முட்டை. நடுவே, சம்பளக்காரர் வாங்கக்கூடிய கார் எதுவும் இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1959 டிசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டம். மேசைமேல் இருந்த தீர்மானம், கம்பெனியை டைம்லர்-பென்ஸ் எடுத்துக்கொள்வது. மெர்சிடிஸ் செய்கிற அதே டைம்லர்-பென்ஸ். நிர்வாகம் சரி என்றது. டாய்ச் வங்கி சரி என்றது. வந்த விலை அன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும்.

வேண்டாம் என்றவர்கள் சிறு பங்குதாரர்களும் விற்பனை முகவர்களும். அவர்கள் சார்பில் எழுந்தவர் ஃபிராங்க்ஃபர்ட் வழக்கறிஞர் ஃபிரீட்ரிக் மாதெர்ன். ஜெர்மனியின் மானம், பவேரியாவின் பெருமை என்றெல்லாம் அன்று பலர் பேசினார்கள், ஒன்றும் அசையவில்லை. அசைத்தது ஒரு கணக்குப் பிழை. 700 என்ற புதிய காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தார்கள். வண்டி பல ஆண்டு விற்கப் போகிறது. செலவைப் பல ஆண்டுக்குப் பரப்பியிருக்க வேண்டும். ஒரே ஆண்டில் தள்ளியதால் நஷ்டம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஆண்டுக் கணக்கில் குற்றம் கண்டால் பத்தில் ஒரு பங்கு வாக்கு இருந்தாலே கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சட்டம் இருந்தது. வாக்கு சேர்ந்தது. கூட்டம் தள்ளிப்போனது. அன்றைய விலை அன்றோடு காலாவதியாயிற்று. எதிர்ப்பைக் கண்ட ஹெர்பர்ட் குவான்ட் மனம் மாறி, விற்பதற்குப் பதில் மேலும் பங்கு வாங்கினார். நடுத்தரக் குடும்பத்துக்கான 1500 மாடல் 1961-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்து நின்றது. இன்றைக்கு மூன்றாம் வரிசை, ஐந்தாம் வரிசை என்று சொல்லப்படும் கார்களெல்லாம் அதன் வழித்தோன்றல்கள். தணிக்கையாளர்கள் தம் அலுவலகச் சுவரில் மாட்டிவைக்கத்தக்க ஒரே கார் அதுவே.

கட்டற் கல்லைச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். மியூனிக் ஒலிம்பிக்குக்கு முன் 1972-ல் எழுந்த தலைமையகம், நாலு சிலிண்டர் நிற்பதுபோன்ற கட்டடம். கார்ல் ஷ்வான்சர் என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர் அதைத் தலைகீழாகக் கட்டினார். மேல் தளங்களை முதலில் ஏற்றி, நடுத் தூணிலிருந்து தொங்கவிட்டு, பிறகு கீழ்த் தளங்கள். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் கீழிருந்து மேலே போயிற்று. இரண்டும் நிற்கின்றன. வேறு வேறுபாடு கூற ஒன்றுமில்லை.

கைவிடற் பேறு என்ற ஏழாவது இனத்துக்கு இலக்கணம், விட்டெறிந்தது நமக்குப் பக்கத்தில் வந்து விழுதல். 1994-ல் பி.எம்.டபிள்யூ. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியை வாங்கியது. ஆறு ஆண்டு பணத்தைக் கொட்டி, 2000-ல் கார்ப் பிரிவைப் பத்துப் பவுண்டுக்கு ஒரு குழுவிடம் தள்ளிவிட்டது. மினியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டது. லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றது. ஃபோர்டு அதையும் ஜாகுவாரையும் 2008-ல் டாடாவுக்கு விற்றது. டாடா 2024 செப்டம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஜாகுவார் லேண்ட் ரோவரும் அங்கே உருவாக வேண்டும் என்பது திட்டம். பனப்பாக்கம் காஞ்சிக்கு அடுத்த வீடு. மியூனிக்கில் உதறியது பர்மிங்காம், டெட்ராய்ட், மும்பை சுற்றி நம் வாசலில் வந்து நிற்கிறது. உண்மையான அடிக்கல்லே கிடைத்துவிட்டதால் இவ்வினத்தில் உவமை தேவைப்படவில்லை.

இனிக் கோர்வைக் கல். 2007-ல் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் திறந்த ஆலை இவ்வினம். முழுக் காராகக் கப்பலில் இறக்கினால் சுங்க வரி காரின் விலையைத் தொட்டுவிடும்; பாகங்களாக இறக்கி இங்கே பூட்டினால் வரி பல மடங்கு குறையும். ஆகவே இந்தக் கல்லை நட்டது பாதி மியூனிக், பாதி சுங்க அட்டவணை. "அங்கே செய்ததை இங்கே பூட்டுகிறார்கள், இதில் என்ன பெருமை?" என்பாரும் உளர். அவர்கள் பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றின் முன் அரை நாள் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கக் கரைக்கு நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் நாடா தள்ள, ஊடு கோத்துக் கோத்து வருவது கோர்வை. முந்தானையின் பாவை உடலின் பாவோடு இழை இழையாகச் சேர்ப்பது பிட்னி. விசைத்தறிச் சேலையைக் கண்டுபிடிக்க விவரமறிந்தவர் தொட்டுப் பார்ப்பது உடலையும் அல்ல, கரையையும் அல்ல, சேரும் இடத்தைத்தான்.

ஆனால் உரையாசிரியர் இங்கே நூலாசிரியரோடு முரண்படுகிறார். கோர்வையில் உடலும் கரையும் ஒரே தறியில் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. காரில் உடல் ஐரோப்பாவில் பிறந்து பெட்டியில் வருகிறது. 2015-ல் உள்நாட்டுப் பாகங்களின் பங்கு பாதி வரை உயர்ந்தது என்று நிறுவனம் அறிவித்து, சச்சின் டெண்டுல்கரை ஆலைக்கு அழைத்து ஓர் ஐந்தாம் வரிசைக் காரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொருத்தச் செய்தது. எஞ்சின்களைக் கோத்துத் தர ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பக்கத்திலேயே ஆலை போட்டது. வடிவமும் கணக்கும் மியூனிக்கிலேயே இருக்கும்வரை இதைக் கோர்வை என்பதைவிடக் கரை கட்டுதல் என்பதே பொருத்தம் என்பது உரையாசிரியர் கட்சி. நூலாசிரியர் ஒப்பவில்லை. சச்சின் பூட்டிய எஞ்சின் ஓடிற்று, அது போதும் என்கிறார்.

ஒத்திவைத்த வழக்கு இனி. நிறுவனம் இதனைச் சென்னை ஆலை என்கிறது. சென்னை மாநகரம் அங்கிருந்து வெகு வடக்கே. மண் 2019 நவம்பர் 29 வரை காஞ்சிபுரம் மாவட்டம். அன்று மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆலை செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போயிற்று. அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்து குளத்துக்குள் திரும்பிய அதே ஆண்டு. ஒரு கம்பெனி தன் இந்திய ஆலையை ஓர் அங்குலமும் அசைக்காமல் மாவட்டம் மாற்றியிருப்பதால், அதை இடம்பெயராப் பெயர்ச்சி என்று தனி இனமாக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படியானால் எண்வகை ஒன்பதாகும். நூற்பாவின் யாப்பு கெடும். எனவே விட்டுவிடுகிறோம்.

எவ்வகையிலும் அடங்காதவற்றுக்குப் புறனடை வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பந்தயங்களின்போது ஓட்டக்காரர்களோடு புகை விடாமல் ஒரு கார் போயிற்று. 1602 என்ற மாடலின் வயிற்றில் 12 ஈய பேட்டரிகளை ஏற்றி மின்சாரத்தில் ஓடச் செய்திருந்தார்கள். பேட்டரி எடை மட்டும் 350 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் 60 கிலோமீட்டர் ஓடும். விற்பனைக்கு வரவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்து, 2025-ல், மேற்படி ஆலையில் பூட்டிய முதல் மின்சார பி.எம்.டபிள்யூ., ஐ.எக்ஸ்.1, சந்தைக்கு வந்தது. இதனைத் தடைக் கல் என்பதா, காலம் தவறிய பிறப்புக் கல் என்பதா?

துணிய ஒரு சோதனை உண்டு. அந்த 1972 வண்டியைச் சிங்கப்பெருமாள் கோயிலில் விட்டு, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்கு ஓட்டுவதாகக் கொள்க. தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சீரான 50 கிலோமீட்டர் வேகம் கிடைக்குமா என்பது அத்தடத்தில் போனவர்க்குத் தெரியும், கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். வழியில் ஒரகடத்தில் 2012-ல் திறந்த பெரிய லாரி ஆலை ஒன்று வரும். அது 1959 டிசம்பரில் இந்தக் கம்பெனியை விழுங்க வந்த அதே டைம்லர் குடும்பத்தினுடையது. பாரத்பென்ஸ் என்ற பெயரில் லாரி செய்கிறது. அதைக் கடந்து வண்டி காஞ்சி வந்து சேரும். திரும்பிப் போகச் சார்ஜ் இருக்காது. 350 கிலோ பேட்டரியை மாற்றியாக வேண்டும், அல்லது வண்டியையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரகடத்துக்கு ஒரு போன் போட்டால் லாரி வரும். எந்தக் கம்பெனி லாரி என்று மட்டும் கேட்கக் கூடாது.